டிராக்டர் எஞ்சினைப் பிக்கப் வண்டியில் ஏற்றலாமா?

டிராக்டர் வைத்து விவசாயம் செய்யும் குடும்பங்கள் பலவற்றின் கொட்டகையில் பழைய டிராக்டர் ஒன்று செயலற்று நிற்பதைக் காணலாம். அதன் பின் அச்சோ, கியர்ப் பெட்டியோ பழுதுற்றிருக்கும். எஞ்சின் மட்டும் இன்னும் நல்ல நிலைமையில் இருக்கும். அதே வீட்டில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் பிக்கப் வண்டி எஞ்சின் கெட்டுக் கிடக்குமானால், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாமே என்ற எண்ணம் எவருக்கும் தோன்றக்கூடியதே. பட்டறைக்காரரும் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏற்றிவிடலாம்" என்பார். அவர் சொல்வது பொய்யன்று, ஏற்றிவிட முடியும். ஏற்றிய பிறகு அந்த வண்டி பள்ளத்தில் இறங்கும்போது எவ்வாறு நிற்கும் என்பதையே அவரிடம் எவரும் கேட்பதில்லை.

இந்த எண்ணத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. பெரிய தொழிற்சாலைகளே இவ்விதம் செய்திருக்கின்றன. பம்பாயில் மகீந்திரா கம்பெனி, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியுடனும் வோல்டாஸுடனும் கூடி 1963ல் தொடங்கிய டிராக்டர் ஸ்தாபனம் பி-275 என்ற டிராக்டரைச் செய்தது. பிற்பாடு மகீந்திரா ஜீப்புகளில் ஏறிய 2,350 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் இந்த டிராக்டர் எஞ்சினின் வழிவந்ததேயாகும். அமெரிக்காவிலோ இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. கம்மின்ஸ் கம்பெனியும் கேஸ் என்ற விவசாய யந்திரக் கம்பெனியும் 1980ல் கூட்டு ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தி, வட கரோலினா ராஜ்யத்தில் ராக்கி மவுண்ட் என்ற ஊரில் ஒரு டீசல் எஞ்சினை உற்பத்தி செய்தன. கேஸ் டிராக்டர்களில் உழைத்த அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினையே டாட்ஜ் கம்பெனி தன் பிக்கப் வண்டியில் பொருத்தி 1989ம் வருஷ மாடலாக விற்றது. இன்றளவும் அந்த வண்டியை அந்நாட்டு விவசாயிகள் தேடி வாங்குகின்றனர்.

ஆகவே, டிராக்டர் எஞ்சின் பிக்கப் வண்டிக்கு ஆகாது என்பது வாதமன்று. தொழிற்சாலை எஞ்சினை மட்டும் மாற்றவில்லை, பட்டறையோ எஞ்சினை மட்டும் மாற்றுகிறது என்பதே வாதம்.

முதற்கண், பலத்தைப் பற்றிய ஒரு தப்பெண்ணத்தைக் களைதல் வேண்டும். "பத்து டன் கரும்பை இழுக்கிற எஞ்சின் ஒன்றரை டன் வண்டியை இழுக்காதா?" என்று கேட்பவர் உண்டு. கரும்பு வண்டியை இழுப்பது எஞ்சினைவிட டிராக்டரின் பல்சக்கரங்களே எனலாம். மிகத் தாழ்ந்த கியரில் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் உழும் டிராக்டரில், எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது பெரிய பின்சக்கரம் ஏறக்குறைய 8 சுற்றுத்தான் சுற்றுகிறது. அதாவது எஞ்சினின் முறுக்கு விசை சக்கரத்தை அடையுமுன் 250 மடங்கு பெருக்கப்படுகிறது. அந்தப் பல்சக்கரங்களை யெல்லாம் கொட்டகையில் விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், வருவது என்ன? பி-275 டிராக்டரின் எஞ்சின் 1,875 சுற்றில் 35 குதிரைச் சக்தி கொடுத்தது. அக்காலத்து சி.ஜே.3பி ஜீப்பிலிருந்த பெட்ரோல் எஞ்சினோ 4,000 சுற்றில் 72 குதிரைச் சக்தி கொடுத்தது. இரண்டின் கனபரிமாணமும் ஏறக்குறைய ஒன்றே. பலமுள்ளது என்று எண்ணப்படும் டிராக்டர் எஞ்சினின் சக்தி பெட்ரோல் எஞ்சினின் சக்தியில் பாதிக்குச் சற்றுக் குறைவு. குறைந்த சுற்றில் நிதானமாக, நெடுங்காலம் உழைக்கும் என்பதே அதன் சிறப்பு. அது பெரிய சிறப்புத்தான்; ஆனால் சாலை வண்டிக்கு வேண்டிய சிறப்பு வேறு.

இதன் பயனை வேகத்தில் காணலாம். அந்த ஜீப்பின் அச்சில் எஞ்சின் பக்கம் 5.38 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 2 மீட்டர் 27 சென்டிமீட்டர். மேல் கியரில் பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றுச் சுற்றினால் மணிக்கு 100 கிலோமீட்டர் கணக்காகிறது. அதே அச்சில் 1,875 சுற்றோடு நின்றுவிடும் டிராக்டர் எஞ்சினை இணைத்தால் 47 கிலோமீட்டருக்கு மேல் போகாது. எஞ்சின் முழு மூச்சில் கதறும். பின்னால் வரும் பஸ்ஸோ ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வரும். இக்குறையைப் போக்கச் சில பட்டறைகளில் கவர்னரின் முத்திரையை உடைத்துச் சுற்றை உயர்த்திவிடுகின்றனர். கனமான பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கொண்ட எஞ்சினுக்கு அது கழுத்தில் கத்தி வைப்பதற்கு ஒப்பாகும்.

டாட்ஜ் கம்பெனியார் இந்த இடத்தில் செய்தது கவனிக்கற்பாலது. கம்மின்ஸ் எஞ்சின் 2,500 சுற்றில் 160 குதிரைச் சக்தி கொடுப்பது. அதற்கு மேல் சுற்ற அதை விடுவதில்லை. ஆகவே அவர்கள் எஞ்சினைத் துன்புறுத்தாமல் அச்சை மாற்றினர். 3.07 சுற்றுக்கு ஒரு சுற்று என்ற பின் அச்சையும் 3.54 என்ற பின் அச்சையும் கொடுத்தனர். எஞ்சின் நிதானமாகச் சுற்றினாலும் வண்டி வேகமாக ஓடிற்று. 5.9 லிட்டர் எஞ்சினாதலால் அந்த உயர்ந்த அச்சையும் சுமையையும் ஒருங்கே தாங்க அதற்கு விசை இருந்தது. 35 அல்லது 40 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினுக்கு அத்தகைய அச்சைக் கொடுத்தால், சுமையேற்றிய வண்டி மேட்டில் புறப்படாமல் கிளச்சைத் தேய்த்துத் தீர்த்துவிடும்.

நிற்க. எஞ்சினை வண்டியில் உட்கார வைப்பதிலும் தொல்லை உண்டு. 1917ல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ஃபோர்ட்ஸன் டிராக்டர் முதற்கொண்டு, பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. முன் அச்சு, எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு இவை ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கப்பட்டு, எஞ்சினே டிராக்டரின் முதுகெலும்பாக அமைகிறது. அதனால் அடித்தொட்டி கூடக் கனத்த வார்ப்பிரும்பால் ஆனது. ரப்பர் மவுண்டிங்கில் தொங்கவிடுவதற்கான கால்கள் அதற்கு இரா. பட்டறையில் இரும்புத் தகட்டை வெட்டிப் பற்றவைத்துக் கால் செய்கின்றனர். பிக்கப்பின் கியர்ப் பெட்டியோடு எஞ்சினை இணைக்க இடையில் ஒரு தகடு வேண்டும். அத்தகட்டில் துளைகள் இம்மியும் பிசகாமல் இருத்தல் அவசியம். எஞ்சின் தண்டின் மையமும் கியர்ப் பெட்டித் தண்டின் மையமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே தொல்லை தொடங்கிவிடும். கடைசல் யந்திரமும் அளவு கருவியும் இல்லாத பட்டறையில் கண்ணளவால் அதை எட்ட முடியாது. கிளச் அடிக்கடி எரிகிறது, பேரிங் உடைகிறது என்று முறையிடுவோர் பலருடைய வண்டியில் குற்றம் இந்தத் தகட்டிலேயே இருக்கும்.

மேற்கூறியவையெல்லாம் பண நஷ்டத்தைச் சேர்ந்தவை. பிரேக்கின் விஷயம் அப்படிப்பட்டதன்று. இதைச் சற்று விரித்துரைப்பது அவசியம்.

இக்காலத்துப் பிக்கப் வண்டிகளில் பிரேக் மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில் வட்டமான பெரிய டப்பா போன்ற பூஸ்டர் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு புறத்தில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கினால், மறுபுறத்துக் காற்றின் அழுத்தம் ஓட்டுநரின் காலுக்குத் துணையாக நின்று தள்ளுகிறது; மிதித்த விசை பல மடங்காகிறது. இந்த வெற்றிடம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சினில், காற்று வரும் குழாயிலுள்ள திராட்டில் மூடியிருக்கையில் எஞ்சினே காற்றை உறிஞ்சுவதால் வெற்றிடம் தானே கிடைக்கிறது. டீசல் எஞ்சினில் அவ்வாறு காற்றைத் தடுக்கும் அமைப்பு இல்லை. எனவே போதிய வெற்றிடமும் இல்லை. அதனால்தான் டீசல் பிக்கப் வண்டிகளில் தனியாக ஒரு வேக்குவம் பம்பு வைக்கப்பட்டிருக்கிறது. இந்நாட்டு வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கெட்டுப்போன எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும்போது, இந்தப் பம்பும் அதனோடு போய்விடுகிறது. புதிதாக வரும் டிராக்டர் எஞ்சினிலோ வேக்குவம் பம்பு இராது. டிராக்டருக்கு அதன் தேவையே இல்லை.

இவ்வாறு எஞ்சின் மாற்றிய வண்டியைப் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தால் குற்றம் தெரியாது. பிரேக் மிதி சற்றுக் கெட்டியாக இருக்கும். "புது லைனிங், பழகினால் சரியாகும்" என்று சமாதானம் சொல்லப்படும். காலி வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் கால் பலத்தாலேயே நின்றுவிடும். ஓட்டுநரும் சில நாளில் பழகிக்கொள்வார். பிறகு ஒரு நாள் ஒன்றரை டன் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அதே வண்டி இறங்கவேண்டியிருக்கும். இரண்டு கால்களாலும் மிதித்தாலும் போதாத விசையை அந்த இடத்தில் மிதி கேட்கும். கியரிலேயே அடக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால், சரிவில் சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போய் அதன் அளவு கடந்த சுற்றுக்கு ஏற்றிவிடும். கவர்னர் எண்ணெயை நிறுத்துமேயன்றிச் சுற்றைப் பிடித்து நிறுத்தாது.

இங்கே வயதான ஓட்டுநர்கள் ஓர் ஆட்சேபம் கூறுவதுண்டு. "அந்தக் காலத்து ஜீப்பில் டிராக்டர் எஞ்சின் வைத்து ஓட்டவில்லையா? என்ன கெட்டுவிட்டது?" என்பர். அவர்கள் சொல்வது உண்மை. வில்லிஸ் முறையில் கட்டப்பட்ட அந்தப் பழைய ஜீப்புகளுக்குப் பூஸ்டரே கிடையாது. கால் விசை ஒன்றையே நம்பி அவற்றின் பிரேக்குகள் அமைக்கப்பட்டன. வேகமும் சுமையும் குறைவு. பூஸ்டரை நம்பி அமைக்கப்பட்ட இன்றைய வண்டியில் பூஸ்டரை ஊமையாக்கிவிட்டு, அந்த ஜீப்பின் அனுபவத்தைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. டாட்ஜ் கம்பெனியார் பெட்ரோல் எஞ்சின் இருந்த வண்டியில் டீசலை வைத்தபோது, எஞ்சினின் பல்சக்கரத்தாலேயே ஓடும் ஒரு வேக்குவம் பம்பையும் அதனோடு சேர்ந்த ஸ்டீயரிங் பம்பையும் பொருத்தினர். ஏறக்குறைய அரை டன் கனமுள்ள எஞ்சினுக்காக முன் ஸ்பிரிங்குகளையும் பலப்படுத்தினர். விளம்பரத்தில் எஞ்சின்தான் பேசப்பட்டது. வண்டியைக் காப்பாற்றியவை இந்தச் சில்லறைச் சாமான்கள்.

டீசல் செலவு மிச்சமாகும் என்ற பேச்சும் ஆராய்ந்தால் நிற்பதில்லை. பெட்ரோல் வண்டியிலிருந்து டீசலுக்கு மாறுவோருக்கு மிச்சம் உண்டு. ஏற்கெனவே டீசலில் ஓடிய பிக்கப்பில் பழைய டிராக்டர் எஞ்சினை வைத்து மிச்சம் பிடித்தவர் அரியர்.

சட்டத்தின் நிலைமையைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அறிந்திருத்தல் நலம். 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தொழிற்சாலை நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அவ்வருஷமே சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியின்றித் திருத்தும் உடைமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, ஒவ்வொரு திருத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். புகை விதிகளும் வேறு. 2020 ஏப்ரல் முதல் சாலை வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 6 என்ற அளவும், டிராக்டர்களுக்கு அதனின் வேறான அளவுகளும் வழங்கிவருகின்றன. பதிவுச் சான்றிதழில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணும் இருக்கும் வண்டி விபத்துக்குள்ளானால், காப்புறுதிக் கம்பெனி பொறுப்பை மறுப்பதற்கும், கொடுத்த தொகையை உடைமையாளரிடமிருந்து திரும்பக் கேட்பதற்கும் வழி ஏற்படுகிறது.

இது வெறும் காகித விவகாரம் அன்று என்பதை வட இந்தியாவின் "ஜுகாடு" வண்டிகள் காட்டுகின்றன. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் முதலிய இடங்களில், இறைப்புக்குரிய டீசல் எஞ்சினை மரப்பலகை அடித்த வண்டியின்மேல் ஏற்றி, பழைய ஜீப்பின் பாகங்களை இணைத்துச் சாலையில் ஓட்டும் வழக்கம் பரவிற்று. பதிவு இல்லை, காப்புறுதி இல்லை, பெரும்பாலானவற்றில் நல்ல பிரேக்கும் இல்லை. திருமணக் கூட்டமும் கூலியாட்களும் அவற்றில் ஏறிச் சென்றனர். விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டு நியாயஸ்தலங்களை நாடியபோது, அது மோட்டார் வண்டியே அல்ல என்ற வாதமும் எழுந்தது. 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, ஜுகாடும் மோட்டார் வண்டியே, சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்படாமல் அது சாலையில் ஓடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஜுகாடு செய்த தச்சனும் கொல்லனும் கைத்திறன் குறைந்தவர்கள் அல்லர். வண்டி அடிபட்ட பிறகு பொறுப்பேற்க ஒருவரும் இல்லாமற்போனதே துயரம்.

தமிழ்நாட்டில் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களைப் பிக்கப்பின் பின்புறத்தில் நிற்கவைத்து அழைத்துச் செல்வது எல்லோரும் அறிந்தது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதே விதிக்கு மாறானது. அந்த வண்டியின் பூஸ்டரும் வேலை செய்யாததாக இருந்தால், அன்று காலை இருபது பெண்கள் எதில் ஏறுகிறார்கள் என்பது மிராசுதாரருக்குத் தெரியும், ஏறுபவர்களுக்குத் தெரியாது.

எனினும், தடையை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்வது சர்க்காருக்கும் அழகன்று. மின்சாரத்துக்கோ, இயற்கை வாயுவுக்கோ வண்டியை மாற்ற அங்கீகரிக்கப்பட்ட சாதனத் தொகுதிகளும் முறையும் உண்டு. டீசல் எஞ்சினுக்குப் பதில் வேறு டீசல் எஞ்சினை ஒழுங்காக, பம்பும் அச்சும் பிரேக்கும் சேர்த்துப் பொருத்திக்கொள்ள விரும்பும் விவசாயிக்கு அத்தகைய வழி எதுவும் எளிதில் கிட்டுவதில்லை. ஜில்லாவுக்கு ஒரு பரிசோதனை நிலையம் அமைத்து, எடை, மையம், வெற்றிட அளவு, நிற்கும் தூரம் இவற்றைச் சோதித்து, தேறிய வண்டிக்குச் சான்று கொடுத்தால், நல்ல பட்டறைகள் வளரும். இல்லையேல் இந்த வண்டிகள் பகலில் பதுங்கி இரவில் ஓடும், அபாயம் குறையப்போவதில்லை.

அதுவரை விவசாயிக்கு உசிதமானது எது? பிக்கப்புக்கு அதே தயாரிப்பு, அதே ரகத்தைச் சேர்ந்த எஞ்சினைப் பெற்றுப் பொருத்தி, உரிய காலத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அறிவித்துப் பதிவுச் சான்றிதழில் எண்ணை மாற்றிக்கொள்வதே. சிலிண்டர் துளைத்து, கிராங்கு தேய்த்துப் பழைய எஞ்சினையே புதுப்பிப்பது பல சமயங்களில் இதைவிடச் சிக்கனமாகும். இரண்டு எஞ்சின்களின் விலையையும் மட்டும் ஒப்பிடாமல், இணைப்புத் தகடு, கால்கள், ரேடியேட்டர், குழாய்கள், அச்சு மாற்றம், வேக்குவம் பம்பு இவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பட்டறையிலிருந்து திரும்பிவிடுவர்.

கொட்டகையிலிருக்கும் டிராக்டர் எஞ்சினும் வீணாக வேண்டியதில்லை. ஒரே சுற்றில் மணிக்கணக்காக ஓடுவதே அதன் இயல்பு. கவர்னர் அதற்கென்றே அமைந்தது. கனத்த இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, ரேடியேட்டரையும் காற்று வடிகட்டியையும் கூடவே பொருத்தினால், கிணற்று இறைப்புக்கோ, ஜெனரேட்டருக்கோ, கதிரடிக்கும் யந்திரத்துக்கோ அது பல வருஷம் உழைக்கும். ஆனால் கழற்றுமுன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த டிராக்டர் கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கியிலோ கடனுக்கு ஈடாக இருக்குமானால், எஞ்சினும் ஈட்டைச் சேர்ந்ததே. கடன் தீர்ந்ததற்கான சான்றைப் பெற்று, டிராக்டரின் பதிவை முறைப்படி ரத்து செய்வித்த பிறகே போல்ட்டில் கைவைக்க வேண்டும். கழற்றும்போது எஞ்சின் எண் பொறித்த இடத்தை அரத்தால் தேய்க்கவோ, அதன்மேல் வர்ணம் பூசி மறைக்கவோ கூடாது. பின்னால் அந்த எஞ்சின் யாருடையது என்று கேட்கப்பட்டால் உடைமையாளருக்கு ஆதரவாக நிற்பது அந்த எண்தான்.